வெளிச்சத்தைக் குறைக்கக் கூடாது

முட்டையிடும் கோழிக்கு வெளிச்சத்தைக் குறைக்கக் கூடாது. லேயர் பண்ணையில், அதாவது முட்டைக்கோழிப் பண்ணையில், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்குச் சொல்லிக் கொடுத்த சட்டம் இது. கோழி பருவத்துக்கு வந்ததும் வாரத்துக்கு அரை மணி நேரமாக விளக்கைக் கூட்டிக்கொண்டே போவோம். விடிவதற்கு முன் கொஞ்சம், பொழுது சாய்ந்த பின் கொஞ்சம். பகலும் விளக்கும் சேர்ந்து பதினாறு மணி நேரம் ஆனதும் நிறுத்திவிடுவோம். கோழிக்கு உலகத்தில் எப்போதும் கோடைக்காலம்தான் என்று நினைப்பு வந்துவிடும், முட்டை வைத்துக்கொண்டே இருக்கும். நடுவில் ஒரு மணி நேரம் குறைத்தாலும் போச்சு. விழுந்த உற்பத்தியைத் தூக்கி நிறுத்த மாதக்கணக்காகும். நாமக்கல் பக்கத்தில் இருபத்திரண்டு வருஷமாக எழுபதாயிரம் கோழிகளுக்குப் பொழுது விடிய வைக்கிறவன் நான்தான். அந்தத் திமிரில்தான் என் மகள் விஷயத்திலும் எல்லாம் தெரிந்தவன் மாதிரி பேசினேன்.

என் பெயர் செங்கோட்டுவேலன். மகள் பெயர் தாரணிகா. மருத்துவ நுழைவுத் தேர்வில் முதல் தடவை கொஞ்சத்தில் தவறவிட்டாள். இன்னொரு வருஷம் படிக்கிறேன் என்று அவளே சொன்னாள், நாங்கள் கட்டாயப்படுத்தவில்லை. இதை யாரிடமும் சொல்லி நிரூபிக்க வேண்டிய அவசியம் இல்லை, ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது. ஜூன் மாதம் உச்சி அகாடமியில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். ராசிபுரம் போகிற ரோட்டில், சுற்றிலும் பத்தடி மதில் சுவர். உள்ளேயே விடுதி, வகுப்பு, சாப்பாடு. அந்த வருஷம்தான் அங்கே கண்ணாடி வந்திருந்தது.

பார்க்கச் சாதாரண மூக்குக் கண்ணாடி போலத்தான் இருந்தது, காம்பு மட்டும் தடிமன். சுகந்தி மேடம் என்று ஓர் ஆலோசகர், எங்களைப் போன்ற பெற்றோருக்கு விளக்கம் சொல்வதற்கென்றே இருந்தார். நல்ல மனுஷி. பொய் பேசி நான் பார்த்ததில்லை. கேட்காததைச் சொல்ல மாட்டார், அவ்வளவுதான்.

"மூளைக்குள்ள கடியாரம் ஒண்ணும் கெடையாதுங்க. எத்தன மாத்தத்தப் பார்த்துச்சோ அதவெச்சுத்தான் இவ்வளவு நேரம் ஆச்சுன்னு நெனச்சுக்குது. இந்தக் கண்ணாடி ஓரத்துல வெளிச்சம் துடிச்சுட்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, மூளைக்குத் தெரியும். ஒரு மணி நேரம் ரெண்டு மணி நேரமாட்டத் தோணும். தோணறது மட்டும் இல்லீங்க, ரெண்டு மணி நேரப் படிப்பு உள்ள போயிரும்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. "கோழிக்கு லைட் போடறாப்பலங்க" என்றேன்.

மேடம் சிரித்துவிட்டார். "அதே தானுங்க. இத்தன நாளா இத எப்படிச் சொல்றதுன்னு முழிச்சுட்டிருந்தேன்."

என் மனைவி கலாமணிதான் கேட்டாள். "கழட்டுனா என்ன ஆகுங்க?"

"லீவு நாள் கொஞ்சம் சீக்கிரமாப் போறாப்பல இருக்கும்மா. போர்வையத் தலைக்கு இழுத்தா காலுக்குப் பத்தாதில்ல, அந்த மாதிரி. பழகிரும்."

லீவு யாருக்குத்தான் சீக்கிரம் போகவில்லை. கையெழுத்துப் போட்டேன். போடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். தேர்வு அறையிலும் கண்ணாடிக்கு அந்த வருஷம் அனுமதி கொடுத்துவிட்டார்கள். பக்கத்து நாற்காலிப் பிள்ளைக்கு மூன்று மணி நேரம் ஒன்பது மணி நேரமாக இருக்கும்போது, என் பிள்ளை வெறுங்கண்ணோடு உட்கார்ந்து என்ன எழுதுவாள். ஊரே ஓடும்போது நடுவே ஓடு என்பார்கள். ஓடினோம்.

இரண்டு மடங்கில் ஆரம்பித்தார்கள். ஆடி முடிவதற்குள் இரண்டரை. ஒவ்வொரு படிக்கும் பெற்றோர் கையெழுத்து வேண்டும், நானும் போட்டுக்கொண்டே வந்தேன். மதிப்பெண் ஏறிக்கொண்டே போனது. விடுதியில் முதல் பத்துப் பேருக்குள் வந்துவிட்டாள். தீபாவளிக்கு இரண்டு நாள் வீட்டுக்கு வந்தவள், பஸ் ஏற்றும்போது, "இப்பத்தான எண்ண தேச்சு ஊத்தினீங்க, அதுக்குள்ள பஸ்ஸுக்கு வந்துட்டமா?" என்றாள். நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை பிள்ளையைப் பார்க்கலாம். எங்கள் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் இது ஒரு திருவிழா. மைதானத்துப் புங்க மரத்தடியெல்லாம் பாய் விரித்திருக்கும். பாய்க்கு ஒரு குடும்பம், குடும்பத்துக்கு ஒரு சாப்பாட்டுத் தூக்குப்போசி. மீசை முளைத்த பையனுக்குக்கூட அம்மா ஊட்டிக்கொண்டிருப்பாள். கலாமணி எப்போதும் அரிசிம்பருப்பு சாதம்தான் செய்து எடுத்துக்கொண்டு போவாள், நெய்யைத் தனியாக ஒரு சின்ன டப்பாவில். தாரணிக்கு அதுதான் உயிர். அந்த இரண்டு மணி நேரமும் கண்ணாடி கூடாது. வகுப்பு வாசலிலேயே கழற்றி வாங்கிவைத்துவிடுவார்கள். குடும்பத்தோடு இருக்கும்போதாவது பிள்ளை ஓய்வாக இருக்கட்டும் என்று எவ்வளவு நல்ல மனசு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கார்த்திகையில் மூன்று மடங்கு ஆக்கினார்கள். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் தாரணி மந்தமாகிவிட்டாள். ஒரு கேள்வி கேட்டால் பதில் வர நேரமாகும். சாதத்தை வாயில் வைத்தால் மென்றுகொண்டே இருப்பாள். ஐந்தாறு வாய் சாப்பிடுவதற்குள் பன்னிரண்டு மணி விசில் ஊதிவிடும். பக்கத்துப் பாய்களிலும் அப்படித்தான். அம்மாக்கள் மட்டும் படபடவென்று பேசிக்கொண்டிருக்க, பிள்ளைகள் தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பதுபோல் மெல்லத் திரும்பிப் பார்ப்பார்கள்.

பிள்ளைகள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். சொல்ல வேண்டியதையெல்லாம் முன்னாலேயே ஒரு துண்டுத்தாளில் எழுதி எடுத்துக்கொண்டு வருவார்கள். பேசினால் நேரம் பத்தாது, தாளைக் கொடுத்துவிட்டு அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். தை மாதம் தாரணி எனக்கு ஒரு தாள் கொடுத்தாள். நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தது.

"அப்பா, படிப்பு ஏறுது. ஆனா முடியலை. கிளாஸ் ரூம் சுவத்துல ஒரு பல்லி இருக்குது. அது ஒரு எட்டு எடுத்து வைக்கறதுக்குள்ள நான் ஒரு பக்கம் படிச்சு முடிச்சர்றேன். மறுபடி பார்த்தா அங்கயேதான் நிக்குது. பெல் அடிக்கறதுக்குள்ள எனக்கு ஒரு நாள் ஆகுது. எல்லாரும் இருக்கோம், ஆனா யாரும் பேசக்கூடாது. நான் இங்க வந்து ஏழு மாசம்னு சொல்றீங்க. எனக்கு ஒன்றரை வருசம் ஆச்சுப்பா. நீங்க வர்ற ஞாயித்துக்கிழமை மட்டும் பொசுக்குனு போயிருது. எனக்குப் புடிக்காததெல்லாம் நீளுது, புடிச்சதெல்லாம் சுருங்குது. மேடத்துகிட்டச் சொல்லி ஒரு படி குறைக்கச் சொல்லுங்க. ரெண்டரை போதும்."

படித்துவிட்டு நிமிர்ந்தேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கலாமணி, "என்னங்க எழுதியிருக்கா?" என்றாள். "பரீட்ச பயம்" என்று தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

வைத்தேனே தவிர, நேராகச் சுகந்தி மேடம் அறைக்குத்தான் போனேன். அந்த அளவுக்குக் கல் நெஞ்சக்காரன் இல்லை. மேடம் ஒரு படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"கொறைக்கலாங்க. நீங்க கையெழுத்துப் போட்டா நாளைக்கே கொறைச்சர்றோம். இன்னும் நாலு மாசம் இருக்குது, ரேங்க் கொஞ்சம் எறங்கும். என்னங்க, கொறைக்கட்டுங்களா?"

பேனா என் கையில்தான் இருந்தது. ஒரு வருஷம் புயலில் மின்சாரம் போய், ஜெனரேட்டரும் மக்கர் செய்து, மூன்று நாள் ஷெட் இருண்டு கிடந்தது ஞாபகம் வந்தது. அப்போது விழுந்த உற்பத்தி அந்தக் கோழிக் கூட்டத்தைக் கழித்து விற்கிற வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை.

"முட்ட வெக்கற சமயத்துல வெளிச்சத்தக் கொறைக்கக் கூடாதுங்க மேடம்" என்றேன்.

அவர் படிவத்தை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார். அடுத்த மாதம் பெற்றோர் கூட்டத்தில், குறைக்கச் சொல்லிக் கேட்ட இன்னொரு தகப்பனிடம் அகாடமித் தலைவர் மைக்கில் இதையே சொன்னார். "நம்ம பேரன்ட் ஒருத்தரு அழகாச் சொன்னாருங்க" என்று ஆரம்பித்துச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். கலாமணியிடம் "என்னையத்தான் சொல்றாரு" என்றுகூடச் சொன்னேன். இதை எழுதும்போது எனக்குக் கூசுகிறது.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத் தாரணி ஓடி வந்தாள். ஓடி வந்து பல மாதம் ஆகியிருந்தது. முகத்தில் கண்ணாடி இருந்தது. துப்பட்டாவுக்குள் மறைத்து எப்படியோ வெளியே கொண்டுவந்துவிட்டாள். பாயில் உட்கார்ந்தவள் மளமளவென்று பேசினாள். அம்மாவின் புதுப் புடவையைப் பற்றிக் கேட்டாள், என் தலை நரைத்திருப்பதைச் சொன்னாள், நெய் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். துண்டுத்தாள் எதுவும் கொண்டுவரவில்லை. கலாமணி ஊட்டிய சாதத்தை நாலு வாய் வாங்கினாள்.

கலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. "இங்க வந்துமா சாமி படிப்பு? அத அக்கட்ட வெய்யி. அம்மா மூஞ்சிய வெறுங்கண்ணுல பாரு."

"இருக்கட்டும்மா. ஒண்ணும் படிக்கல. இருக்கட்டும், ப்ளீஸ்."

"ரெண்டு மணி நேரங்கூட எங்களுக்குன்னு இல்லையா கண்ணு?" என்று கலாமணி அழவே ஆரம்பித்தாள். பக்கத்துப் பாய்க்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ஒருபுறம் கோபம், இன்னொருபுறம் பெருமை. என்ன ஒரு படிப்புப் பைத்தியம் என்று பெருமை. "குடு அம்மிணி" என்று சொல்லி, என் கையாலேயே அவள் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றினேன். அவள் தடுக்கவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் முகம் மெதுவாகிவிட்டது. ஐந்தாவது வாய் சாதம் வாயிலேயே நின்றது.

வார்டன் பார்த்துவிட்டார். கண்ணாடியை வெளியே கொண்டுவந்த குற்றத்துக்குத் தேர்வு முடியும் வரை பெற்றோரைப் பார்க்கக் கூடாது என்று தண்டனை. நல்லதுதான், படிக்கட்டும் என்று நான் சொன்னேன்.

மே மாதம் தேர்வு எழுதினாள். நல்ல ரேங்க். அரசு மருத்துவக் கல்லூரியில் நிச்சயம் இடம். உறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் இனிப்போடு வந்தார்கள். கண்ணாடியை அகாடமியில் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவள், வாசல்படியில் டீ டம்ளரோடு உட்கார்ந்தாள். டீ ஆறி ஏடு படிந்தது. "குடி சாமி" என்றால், "இப்பத்தானம்மா குடுத்தீங்க" என்று மெல்ல இழுத்துச் சொன்னாள். விடிந்தது தெரிவதற்குள் அவளுக்கு மத்தியானம். இரண்டு சொல் பேசுவதற்குள் பொழுது சாயும். வந்தவர்கள் "புள்ளைக்கு அசதி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு மாதம் ஆகியும் அசதி தீரவில்லை. "அப்பா, நான் வீட்டுக்கு வந்து எத்தன நாள் ஆச்சு?" என்று ஒருநாள் கேட்டாள். சொன்னேன். நம்பாமல் காலண்டரைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

சுகந்தி மேடத்திடம் போனேன்.

"தையிலயே கொறைச்சிருந்தாப் படிப்படியாச் சரியாயிருக்குங்க. நீங்கதான வேண்டாம்னீங்க" என்றார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். "இப்ப மூணு மடங்கு அவளுக்கு ஊறிப்போச்சு. கண்ணாடி போட்டாத்தான் ஒரு மணி நேரம் ஒரு மணி நேரமாவே இருக்கும். கழட்டுனா நழுவும். எப்பவும் போட்டுட்டே இருந்தா அதுக்கும் ஊறி, நாலு கேக்கும், அஞ்சு கேக்கும். மெடிக்கல் காலேஜ்லயும் முதல் நாள்லருந்தே கண்ணாடிதான்."

"இதுக்கு வழியே இல்லீங்களா?"

"ஒண்ணு இருக்குது. ஒரு நாளைக்கு ரெண்டே ரெண்டு மணி நேரம் போடோணும், மூணு மாசத்துக்கொருக்கா அரைப் படி கொறைக்கோணும். ரெண்டு வருசம் ஆகலாம், மூணும் ஆகலாம். முழுசாச் சரியாகும்னு நான் சொல்ல மாட்டேன். அதுவரைக்கும் படிப்புக்குக் கண்ணாடி கூடாது. காலேஜ் இடம் போயிரும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இன்னொண்ணுங்க. நேரம் ஆச்சுன்னா அவளே கழட்ட மாட்டா, யாராலயும் முடியாது. வீட்ல ஒருத்தரு தவறாமக் கழட்டோணும்" என்றார்.

எழுந்து வாசல் வரைக்கும் வந்துவிட்டேன். எதற்கென்றே தெரியாமல் திரும்பி ஒன்று கேட்டேன். "ஞாயித்துக்கிழம எங்களப் பார்க்க வர்றப்ப எதுக்குங்க கண்ணாடிய வாங்கி வெச்சீங்க? ஓய்வுக்குத்தானுங்களே?"

மேடம் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேஜையில் இருந்த பேப்பரைப் பார்த்தார். "ஓய்வுக்கு இல்லீங்க. போட்டுட்டுப் போனா அந்த ரெண்டு மணி நேரம் ஆறு மணி நேரமாயிரும். ஆறு மணி நேரம் அம்மா மடியில இருந்துட்டு வந்த புள்ள மறுபடி வகுப்புல உக்காராது. எத்தனையோ புள்ளைங்க ஒளிச்சு எடுத்துட்டுப் போகப் பார்த்துச்சுங்க. படிக்கறதுக்குன்னா நெனச்சீங்க?"

பஸ்ஸில் வரும்போது என் வலது கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவளுடைய ஆறு மணி நேரத்தை, பத்து நிமிஷம்கூட ஆகாதபோது பிடுங்கிய கை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் "என்னங்க, அடி பட்டிருச்சா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன்.

வீட்டில் தாரணி அதே படியில் இருந்தாள். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், மெதுவாக, அவளுக்குப் பிடிபடுகிற வேகத்தில். கல்லூரி போய்விடும் என்பதையும் சொன்னேன். கலாமணி உள்ளேயிருந்து வந்து கதவோரம் நின்றாள். "என்ன அம்மிணி, கொறைச்சரலாமா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். நான் காத்திருந்து பழக்கமில்லாதவன். அன்றைக்குக் காத்திருந்தேன்.

"தையிலயே... கேட்டனேப்பா" என்றாள்.

"ஆமா சாமி. நாந்தான் தப்புப் பண்ணிப்போட்டேன்."

இன்னும் ஏதோ வரும்போல இருந்தது. நாங்கள் இருவரும் அசையவில்லை. கடைசியில் சொன்னாள். "அன்னிக்கு அம்மா ஊட்டுனது நாலு வாய். அந்த வருசத்துலயே... அதுதாம்பா நெறைய நேரம் இருந்துச்சு."

கலாமணி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு அழுது கண்ணாடியைக் கழற்ற வைத்தவள் அவள்தானே. நான் என்ன ஆறுதல் சொல்வது. மேடம் கொடுத்தனுப்பிய குறைப்புப் படிவத்தை எடுத்துத் தடுமாறாமல் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை பேனா தயங்கவில்லை.

இப்போது தினமும் காலை பத்து மணி ஆனால், அகாடமியிலிருந்து திரும்ப வாங்கி வந்த கண்ணாடியைத் தாரணி போடுகிறாள். போட்டதும் பழைய பிள்ளையாகிவிடுகிறாள். அம்மாவோடு சண்டை போடுகிறாள், சாதத்துக்கு நெய் பத்தாது என்கிறாள், பண்ணைக் கதை கேட்கிறாள். போன வருஷம் என்னென்ன நடந்தது என்று எங்களிடமே விசாரித்துத் தெரிந்துகொள்கிறாள். கல்லூரியைப் பற்றி ஒரே ஒரு நாள் பேச்சு வந்தது. அவள் இடத்துக்கு வேறொரு பிள்ளை போயிருக்கும் என்றேன். "பாவம்பா அது" என்றாள். முதல் அரைப் படி குறைத்தாயிற்று. வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை என்றுதான் சொல்வேன். கலாமணிக்குத் தெரிகிறதாம்.

பன்னிரண்டு மணிக்குக் கழற்ற வேண்டும். கலாமணியால் அது ஆகாது, நேரம் நெருங்கினாலே கொல்லைப்பக்கம் போய்விடுவாள். நான்தான் கழற்ற வேண்டும். தினமும், தவறாமல், அதே கையால். ஒரு நிமிஷம் கூடுதலாக விட்டாலும் அவளுக்குத்தான் கேடு. தாரணிக்கு அது தெரியும். நான் எழுந்ததுமே பேச்சை நிறுத்திவிட்டு முகத்தை நிமிர்த்திக் காட்டுவாள். "ம், கழட்டுங்கப்பா. நாளைக்கு மிச்சத்தச் சொல்றேன்" என்று சிரிப்பாள்.

கழற்றுவேன். சிரிப்பு அவள் முகத்திலேயே நிற்கும், பிறகு மெல்ல மெல்ல இறங்கும். அது முழுக்க இறங்குகிற வரைக்கும் எதிரில் நின்றுகொண்டிருப்பேன். அப்புறம் கண்ணாடியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் பண்ணைக்குக் கிளம்புவேன். பொழுது சாய்ந்ததும் ஷெட்டுக்கு விளக்குப் போட வேண்டும்.